எழுவான்கரைக் கள்ளு

அப்பத்துக்கு மாக் கரைக்கிற நாளில் அம்மா என் கையில் வெறும் போத்தல் ஒன்றைத் தருவா. தவறணைக்குள் போகக்கூடாது, பின்பக்கத்து வேலியால் கூப்பிட்டுத்தான் வாங்க வேண்டும், அன்று பின்னேரம் இறக்கிய கள்ளாக இருக்க வேண்டும், காலைக் கள்ளு மிஞ்சிக் கிடந்து புளித்தது வேண்டாம். ஒரு போத்தல் கள்ளுக்கு இத்தனை கட்டளை. கிடுகு வேய்ந்த கொட்டிலின் பின்னால் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் கீழே நின்று நான் கூப்பிட, கள்ளுச் சீவுகிறவர் குடுவையைச் சரித்து, நுரையை உள்ளங்கையால் ஒதுக்கி, போத்தலை நிரப்பித் தருவார். மூடி போடமாட்டார். தென்னோலையைச் சுருட்டி வாயில் செருகி, "இறுக்கி அடைக்காத தம்பி, வெடிச்சுப்போகும்" என்பார். வீடு வரும்வரை போத்தலுக்குள் ஏதோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

எட்டு வயதுப் பிள்ளையை அவர் தம்பி என்றார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், யாரும் எங்களைத் திருத்தவில்லை. மரமேறிச் சீவுகிறவர் வீட்டு வாசலில் நின்று பேசலாம், திண்ணையில் இருக்கக்கூடாது. தண்ணீர் கேட்டால் தனிச் செம்பு. இன்று அவருடைய மகனை நான் அண்ணன் என்கிறேன், அவர் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறேன். கள்ளின் கதையில் மாறியவற்றை எண்ணும்போது இதைத்தான் முதலில் வைக்க விரும்புகிறேன். இது மாற எத்தனை பேர் எவ்வளவு பொறுத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. மேற்குக் கரை படுவான்கரை: வயல், மாட்டுப்பட்டி, தயிர்ச்சட்டி. கிழக்குக் கரை எழுவான்கரை: ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இடையில் மணல். அந்த மணலில் தென்னை. சில இடங்களில் ஒரு வளவின் முன்வாசலில் கடலிரைச்சலும் பின்வேலியில் வாவியின் சேற்று வாசமும் இருக்கும். உப்புக்கும் நல்ல தண்ணிக்கும் நடுவே வேர்விட்ட மரம் அது. இந்தக் கரைக் கள்ளுக்குத் தனியே ஒரு கரகரப்பு உண்டு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். களுவாஞ்சிக்குடிக் கள்ளையும் ஏறாவூர்ப் பக்கத்துக் கள்ளையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன் என்று ஒருவர் என்னிடம் பந்தயம் கட்டியதுண்டு.

தென்னந்தோட்டம் என்று பெரிதாகச் சொல்லுமளவுக்கு எல்லோரிடமும் நிலம் இருக்கவில்லை. நாற்பது, ஐம்பது மரம் நிற்கிற வளவுதான் ஒரு குடும்பத்தின் சொத்து. அந்த வளவு பெண்ணுக்குப் போகும். மட்டக்களப்பின் குடி என்கிற குலமுறை தாய்வழி. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும், மருமகன் அங்கே வந்து இருப்பான். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் இருந்து இந்த வழமையை ஆராய்ந்தவர். 2008இல் வந்த அவருடைய பெரிய நூலில் குடி, கோயில், சாதி, பெண்வழிச் சொத்து எல்லாம் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. ஆகவே எழுவான்கரையில் ஒரு மரத்தைச் சீவ விடுவதா, தேங்காய்க்கு விடுவதா என்ற முடிவில் வீட்டுப் பெண்ணின் சொல் இருந்தது. எங்கள் பெரியம்மா பத்து மரத்தைச் சீவலுக்கு விட்டிருந்தா. குத்தகைப் பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வது அவதான்.

சீவல் என்ற தொழிலைப் பற்றி வெளியே தெரிந்தது மிகக் குறைவு. மரத்தில் ஏறினால் கள்ளு இருக்கும், இறக்கிக்கொண்டு வரலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தென்னம்பாளை விரிவதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரிந்துவிட்டால் பூவும் குரும்பையும், அதற்குப் பிறகு கள்ளு இல்லை. மூடிய பாளையைக் குருத்தோலைக் கீற்றாலோ நாராலோ நெருக்கிச் சுற்றிக் கட்டுவார்கள். நுனியை வெட்டுவார்கள். பிறகு நாள்தோறும் காலையும் மாலையும் சிறு பொல்லால் பாளையின் உடம்பெங்கும் மெல்லத் தட்டுவார்கள். பலமாகத் தட்டினால் உள்ளே பூக்கள் கருகிப் பாளை செத்துவிடும். அளவுக்கு மீறி மென்மையாகத் தட்டினால் சாறு கிளம்பாது. "நோகக்கூடாது, ஆனா அதுக்குத் தெரியணும் மனே" என்று எனக்குப் போத்தல் நிரப்பித் தந்த அந்த முதியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ இந்தத் தட்டல். ஒரு விடியலில் வெட்டுவாயில் ஈரம் தெரியும். பிறகு சொட்டும். அதன்பின் முட்டி கட்டுவார்கள், காலையும் மாலையும் மயிரிழை அளவுக்கு நுனியைச் சீவுவார்கள். கத்தி கொஞ்சம் ஆழப் போனால் ஒரு வாரத்துக் கள்ளு வீண். ஒரு நல்ல மரம் நாளொன்றுக்கு ஒரு லீற்றரிலிருந்து இரண்டு லீற்றர் வரை தரும். ஒரு பாளை முடிய முன்பே அடுத்த பாளையைப் பழக்கத் தொடங்க வேண்டும்.

பொச்சுமட்டையைத் துண்டு துண்டாகக் கயிற்றால் மரத்தோடு சேர்த்துக் கட்டியதுதான் ஏணி. அறுபதடி மரத்தில் அப்படி ஐம்பது படி. மழை பெய்தால் மட்டை வழுக்கும், வெயிலில் கயிறு உக்கும். கயிற்றை மாற்றவேண்டிய நாளை ஒருநாள் தள்ளிப்போட்டவர்களின் கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

மேலே முட்டிக்குள் விழும்போது அந்தச் சாறு தெளிந்த, இனித்த நீர். நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு வரை சீனி. விழுந்த கணத்திலிருந்து அது மாறத் தொடங்குகிறது. முட்டியை யாரும் சுரண்டிக் கழுவுவதில்லை. நேற்றைய கள்ளின் மிச்சத்தில் நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்கும், காற்றிலிருந்தும் பூவிலிருந்தும் புதியவை வந்து சேரும். முதலில் பாலைப் புளிக்கவைக்கும் வகை நுண்ணுயிர்கள் வேலை செய்யும், அடுத்து ஈஸ்ட் சீனியை மதுசாரமாக்கும், கடைசியில் காற்றோடு சேர்ந்த நுண்ணுயிர்கள் அதை வினாகிரியாக்கும். எட்டுப் பத்து மணித்தியாலத்தில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு மதுசாரம். அடுத்த நாள் அதைக் குடிக்க முடியாது, சமையலுக்குத்தான் ஆகும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் இனிப்பாகவே இறங்கும், அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஒரே பாளை, ஒரே முட்டி. சுண்ணாம்பு தடவுகிற கையைப் பொறுத்து அது குழந்தைக்கும் ஆகும், தவறணைக்கும் ஆகும்.

திராட்சைக்காரனுக்கு வருடத்தில் ஓர் அறுவடை. இவருக்கு ஒரு நாளில் இரண்டு. வருடத்துக்கு எழுநூறுக்கு மேல். திருவிழாவும் காய்ச்சலும் சாவீடும் இந்தக் கணக்குக்குள் வராது. மரம் காத்திருக்காது.

எங்கள் அடுக்களைகளில் கள்ளுக்குத் தனி இடம் இருந்தது. அப்பத்தின் நடுப்பகுதி பஞ்சுபோல எழும்புவது கள்ளின் நொதியால். இன்று பொதியில் வரும் ஈஸ்ட் அந்த வேலையைச் செய்கிறது, ஆனால் மாவில் அந்த மெல்லிய பழவாசம் இல்லை. வினாகிரி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அவர்கள் வழிவந்த மட்டக்களப்பின் பறங்கியர் வீடுகளில் அச்சாறும் இறைச்சிக் கறியும் தென்னங்கள்ளு வினாகிரி இல்லாமல் நடக்காது. அந்தச் சிறிய சமூகத்தின் பல குடும்பங்கள் இன்று அவுஸ்திரேலியாவில் இருக்கின்றன. அங்கிருந்து வந்த ஒருவர் ஊரில் முதலில் தேடியது வினாகிரிப் போத்தலைத்தான்.

அரசாங்கம் கள்ளைப் பார்த்த பார்வை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் கள்ளும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்ட வருமானம். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்து, நாடெங்கும் கள்ளுத் தவறணைகள் தனியே திறக்கப்பட்டபோது பெரும் மதுவிலக்கு இயக்கம் கிளம்பியது. பின்னாளில் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க போன்றவர்கள் அரசியலுக்குள் வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்த மரம் சீவப்படுகிறது, எங்கே விற்கப்படுகிறது என்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும். மதுவரித் திணைக்களத்தின் கண்ணுக்கு ஒரு மரம் என்றால் ஓர் இலக்கம். அதைச் சீவியவர் யார், அவர் கை எப்படிப்பட்டது, அந்த மணலில் ஊறிய சாற்றின் சுவை என்ன என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. குத்தகைக்காரனுக்குப் பதிலாகச் சங்கம் கள்ளை வாங்கியது. சீவுகிறவர் முதன்முறையாக ஒரு சங்கத்தின் உறுப்பினர் ஆனார், கூட்டத்தில் கதிரையில் இருந்தார். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் உருவானது.

அதே 1978இன் நவம்பர் 23 அன்று சூறாவளி வந்தது.

எனக்கு எட்டு வயது. காற்று கடல் பக்கமிருந்து வந்தது. பெரியம்மா வீட்டின் சுவரோடு ஒட்டி நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தோம். தென்னை முறிகிற சத்தம் வெடிச்சத்தம்போலக் கேட்கும் என்று யாரும் எனக்கு முன்பு சொன்னதில்லை. ஒன்று, இரண்டு என்று அப்பா எண்ணத் தொடங்கினார், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். விடிந்தபோது வளவில் வானம் மிகப் பெரிதாக இருந்தது. அதுவரை எங்கள் வீட்டிலிருந்து வாவி தெரிந்ததேயில்லை. அன்று தெரிந்தது. நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், இரண்டரை லட்சம் வீடுகள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பாதிக்கப்பட்டது என்பது அன்றைய கணக்கு. பெரியம்மாவின் பத்துச் சீவல் மரத்தில் ஒன்று நின்றது. அதன் உச்சியில் கட்டிய முட்டி உடையாமல் இருந்ததை ஊரே வந்து பார்த்தது.

நாட்டுத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருடம். உரமும் தண்ணியும் சரியாக இல்லாவிட்டால் இன்னும் கூட. அதுவரை சீவுகிறவர் எங்கே போவார்? சிலர் வாவியில் வலை போட்டார்கள், சிலர் படுவான்கரையில் வயல் கூலிக்குப் போனார்கள். புதிய தென்னைகள் பாளை விடத் தொடங்கிய காலத்தில் போர் முற்றியிருந்தது. இந்தத் தொழிலுக்குப் போர் என்ன செய்தது என்பது எளிய கணக்கு. கள்ளு கேட்பது விடியலையும் அந்தியையும். ஊரடங்கு எடுத்துக்கொண்டதும் அவற்றைத்தான். அறுபதடி உயரத்தில் நிற்கிற மனிதன் எல்லாத் தரப்பு ஆயுதக்காரர்களுக்கும் தெரிகிற மனிதன். மேலே நின்று யாரைப் பார்த்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் ஏறுவதையே விட்டார்கள். போர் மீண்டும் மூண்ட 1990இன் ஆனி மாதத்துக்குப் பிறகு ஊர்களே வெறிச்சோடின. பாளைகள் தாமாக விரிந்து தாமாகக் காய்த்தன.

2004 மார்கழி 26 அன்று கடல் வந்தபோது நாவலடியிலும் கல்லடியிலும் திருச்செந்தூரிலும் வீடுகள் போயின, மனிதர்கள் போனார்கள், தென்னைகள் நின்றன. யாருடைய வளவு எது என்று எல்லை காட்டியதே அந்த மரங்கள்தான். பிணங்களைத் தேடியவர்கள் மரத்தை அடையாளம் வைத்துத் தேடினார்கள். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

இன்று அதே றோட்டால் போனால் தவறணை இருக்கிறது. கிடுகுக் கூரை போய்த் தகரம் வந்திருக்கிறது, பூவரச மரத்தின் இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. உள்ளே பிளாஸ்டிக் கான்களில் கள்ளு வருகிறது. அது எந்த மரத்துக் கள்ளு என்று விற்பவருக்குத் தெரியாது. கொஞ்சத் தூரத்தில் சாராயக்கடை இருக்கிறது, அங்கே கூட்டம் அதிகம். சாராயம் வாங்க முடியாதவர்களுக்குக் களவாகக் காய்ச்சிய கசிப்பு. தென்னிலங்கையிலும் பிற இடங்களிலும் சீனியையும் இரசாயனங்களையும் கலந்து செய்யும் செயற்கைக் கள்ளு பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருகிறது. மரமே இல்லாத கள்ளு.

சீவுகிறவர்களின் பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. தகப்பன் விழுந்து இடுப்பொடிந்து கிடந்ததைப் பார்த்த பிள்ளை ஏன் ஏற வேண்டும்? மரமேறுகிறவனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிற ஊரில் அவன் ஏன் நிற்க வேண்டும்? வளவுக்காரரின் கணக்கும் மாறிவிட்டது. சீவிய பாளையில் காய் வராது. 2024இன் கடைசியிலும் 2025இலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது மரத்தைச் சீவ விட யாருக்கு மனம் வரும்? ஐம்பது மரத்தில் பத்தைச் சீவலுக்கு ஒதுக்குகிற பழக்கம் இப்படித்தான் கரைந்துபோனது.

சில வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் பிறந்தநாளுக்காகப் பாசிக்குடாவில் ஒரு விடுதிக்குப் போனோம். பானங்களின் பட்டியலில் இத்தாலியிலிருந்து வந்த சிவப்பு வைன்களுக்கு ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. கியாந்தி, பரோலோ. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், வருடம். நான் கள்ளு இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, வருத்தத்தோடு இல்லை என்றான். அவன் நின்ற இடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்கு வெளியே தென்னைகள் அசைந்தன. அன்றிரவு வந்து பரோலோவைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எங்கள் கரையின் நினைவுதான் வந்தது.

வட இத்தாலியின் பியட்மொன்ற் பகுதியில் லாங்கே என்ற குன்றுகள் இருக்கின்றன. பரோலோ அங்குள்ள ஒரு சிற்றூர். நெபியோலோ என்ற ஒரே திராட்சையில்தான் அந்த வைன் செய்யப்படுகிறது. ஐப்பசி மூடுபனியில் பழுக்கிற பழம், மூடுபனியைக் குறிக்கும் சொல்லோடுதான் அதன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்று உலகத்தின் விலையுயர்ந்த வைன்களில் அது ஒன்று. ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய லாங்கே பட்டினிக் குன்று. சில ஏக்கர் வைத்திருந்த குடும்பங்கள் திராட்சையை அல்பா நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தன. பிள்ளைகள் துரினின் கார்த் தொழிற்சாலைக்கும் அல்பாவின் சொக்கலேற் தொழிற்சாலைக்கும் போனார்கள். நூற்றோ ரெவெல்லி என்ற எழுத்தாளர் அந்தக் குடியானவர்களின் வாய்மொழிகளைத் திரட்டி 1977இல் ஒரு நூலாக்கினார். தோற்றவர்களின் உலகம் என்பது அதன் தலைப்பின் பொருள். அதைப் பற்றிப் படித்தபோது எங்கள் வாவிக்கரையிலும் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கியது.

அங்கும் கலப்படம் நடந்தது. 1986இல் மலிவு வைனில் மெதனோல் கலந்த கொடுமையால் இத்தாலியில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குற்றத்தின் வேர் பியட்மொன்றிலேயே இருந்தது. நாட்டின் வைன் முழுவதும் வெட்கப்பட்டு நின்றது. ஆனால் அதற்கு முன்பே, 1980இல், பரோலோவுக்கு அரசின் மிக உயர்ந்த பிறப்பிடச் சான்று கிடைத்திருந்தது. எந்த 11 ஊர்களில் விளைந்தால் அந்தப் பெயரைப் போடலாம், எந்தத் திராட்சை, எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் சட்டம். 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். நஞ்சு கலந்த வைனால் நம்பிக்கை போனபின், போத்தலில் தன் குடும்பப்பெயரைப் போட்டு இது என் கையால் செய்தது என்று சொன்னவனைத் தேடி வாங்குபவர்கள் வந்தார்கள். சட்டம் அங்கே சிறிய குடும்பத்துக்கு வேலியாக நின்றது. இங்கே சட்டம் அந்தக் குடும்பத்தைக் கண்காணித்துக்கொண்டு நின்றது. எனக்குப் படுகிற பெரிய வித்தியாசம் இதுதான். மண்ணிலோ மரத்திலோ மனிதரிலோ நாங்கள் குறைந்தவர்கள் என்று நான் நம்பவில்லை.

அந்தக் குன்றுகளிலும் தகப்பனும் மகனும் மோதினார்கள். எலியோ அல்தாரே என்ற இளைஞர் 1983இல் மின்வாளை எடுத்து வீட்டின் பழைய பெரிய பீப்பாய்களை அறுத்தெறிந்தார். சிறிய புதிய பிரெஞ்சுப் பீப்பாய்கள் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தகப்பன் சொத்தில்லாமல் மகனைத் தள்ளிவைத்தார். மறுபக்கத்தில் பார்த்தோலோ மஸ்கரெல்லோ பழைய முறையில் ஓரங்குலம் அசையவில்லை. சிறிய பீப்பாய் வேண்டாம் என்று லேபிளில் தன் கையாலேயே வரைந்து ஒட்டினார். 2005இல் அவர் இறந்தபின் அந்த வீட்டை நடத்துகிறவர் அவருடைய மகள். இதைப் படித்ததும் முந்தானையில் பணம் முடிந்த எங்கள் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். 2014இல் லாங்கே குன்றுகள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. கொடிகளோடும் பீப்பாய் அறைகளோடும் சேர்த்துத்தான்.

பீப்பாய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையின் தென்னஞ்சாராயத்தை முதிரவைக்கப் பரம்பரையாகப் பயன்படும் ஹல்மில்லை மரத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் திருகோணமலை மரம். கிழக்கின் காட்டு மரம். கள்ளும் எங்களுடையது, பீப்பாயும் எங்களுடையது.

இத்தாலிய வைனுக்கும் தமிழ் நாவுக்கும் உறவு புதிதுமல்ல. யவனர் கொண்டுவந்த குளிர்ந்த தேறலைப் பொற்கிண்ணத்தில் பாண்டியனுக்கு ஊற்றிக் கொடுக்கும் காட்சியை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். 1945இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் வைன் சாடித் துண்டுகள் வெளிவந்தன. அதே புறநானூற்றில் ஔவையார், அதியமான் தன்னோடு கள்ளைப் பகிர்ந்த பெருந்தன்மையை அவன் இறந்தபின் நினைத்து அழுகிறார். வந்த மதுவுக்கும் ஊர் மதுவுக்கும் அன்று ஒரே நூலில் இடம் இருந்தது.

ஈழத்தில் சிவப்பு வைன் செய்யும் இடமும் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் தோலகட்டியில் வண. பிதா தோமஸ் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் ஆச்சிரமம் முந்திரிகைப்பழ வைனுக்குப் பெயர்போனது. தோலகட்டி வைன் என்றால் வடக்கில் தெரியாதவர் குறைவு. போத்தலில் அடைத்த பனங்கள்ளும் வடக்கிலிருந்து வெளிநாட்டுத் தமிழர்களின் கடைகளுக்குப் போகிறது. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளு முற்றாகத் தடை, அரசே நடத்தும் கடைகளில் வேறு மது கிடைக்கும். அந்த வழியை எங்கள் கரை ஒருபோதும் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே எனக்கு ஒரு தடை இருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கள்ளைப் புகழ எனக்கு உரிமையில்லை. குடியால் அழிந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். போரில் கணவனை இழந்த பெண்களும், கணவன் இருந்தும் குடியால் இழந்த பெண்களும் ஒரே வரிசையில் நின்று நுண்கடன் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். 2017இல் கல்குடாப் பகுதியில் பெரிய எதனோல் தொழிற்சாலை ஒன்று எழுந்தபோது மாவட்டமே எதிர்த்தது. அதில் அந்தப் பெண்களின் கோபமும் இருந்தது. நான் அவர்கள் பக்கம். எத்தனையோ பாடசாலைகளில் தண்ணீர்க் குழாய் இல்லாத மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு சாராயக்கடை இருப்பது கொடுமை. ஆனால் கடுமையான சாராயத்தைக் கால் போத்தலில் அடைத்து விற்பதையும், விடியலில் ஏறி இறக்கிப் பின்னேரத்துக்குள் புளித்துப்போகிற கள்ளையும் ஒரே சொல்லில் மது என்று அடக்கிவிட்டால், அழிவது எப்போதும் கள்ளாகத்தான் இருக்கிறது. சாராயத்துக்கு முதலாளி உண்டு, கசிப்புக்கு இருட்டு உண்டு. கள்ளுக்கு இருந்தது ஏறுகிற ஒரு மனிதன் மட்டும்.

2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடச் சான்று கொடுத்தது. இந்த நாட்டுப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதல் சான்று அது. கறுவாவுக்கு முடிந்தது வாவிக்கரை வினாகிரிக்கும் கருப்பட்டிக்கும் ஏன் முடியாது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கள்ளு ஒரு நாளுக்கு மேல் வாழாது. வினாகிரி வாழும். தூரம் போகவல்லது அதுதான்.

சென்ற மாசியில், சீவுகிறவரின் மகனான அந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். அறுபது கடந்தும் எட்டு மரம் ஏறுகிறார். சங்கத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை மகள் வினாகிரியாக்குகிறாள். வளவு அவள் பெயரில் இருக்கிறது. வெளிநாட்டில் மூன்று வருடம் வீட்டுவேலை செய்து வாங்கியது. அடுக்களைக்குப் பின்னால் சாய்ப்பில் ஒன்பது மண்சாடிகள் வரிசையாக நின்றன, வாயில் வெள்ளைத் துணி கட்டி. ஒவ்வொரு துணியிலும் நீலப் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. குனிந்து வாசித்தேன். மரத்தின் இலக்கம், இறக்கிய திகதி, காலையா மாலையா என்பது.

"ஏன் பிள்ளை, மரத்தையும் எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"கிணத்தடி மரத்தினது ஒரு மாதிரி, வாவிப்பக்கத்து மரத்தினது இன்னொரு மாதிரி மாமா. கலந்தா தெரியாமப் போயிடும்" என்றாள். நாலாம் சாடியின் துணியை அவிழ்த்து, அகப்பையால் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் விட்டாள். வெளியே அவளுடைய அப்பா மரத்தடியில் நின்று ஐந்தாம் படியின் கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்.